பாடம் ஃபெயில், மாணவர் பாஸ்

பத்தாம் வகுப்புக் கணக்கில் தவறியவர்களுக்குப் பாடம் நடத்துவது என் வேலை இல்லை. அவர்கள் பாடத்தில் எந்த இடத்தில் இடறி விழுகிறார்கள் என்று கண்டுபிடித்து, அந்த இடத்தைச் செப்பனிடுவதுதான் என் வேலை. படித்தது இன்ஜினியரிங். பிள்ளையார்பாளையத்தில் ஒரு மாலை நேரப் பயிற்சி மையத்துக்காக, போனில் கணக்குப் போட்டுப் பழகும் செயலியையும் அதற்கான பாடங்களையும் செய்துகொடுத்தேன். யார் எந்தக் கேள்வியில் நின்றார்கள், எவ்வளவு நேரம் யோசித்தார்கள் என்பதெல்லாம் என் கணினிக்கு வந்துவிடும். இதே தொழிலில் அவதிப்படும் தோழர்களே, தகவல் கைக்கு வந்துவிட்டால் விடையும் வந்துவிட்டது என்று நீங்களும் என்னைப்போல ஏமாந்திருப்பீர்கள்.

ஐந்தாவது கேள்வி

முதல் வாரமே ஒரு விசித்திரம். கோபுரத்தின் உயரத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லும் ஐந்தாவது கேள்வி வந்ததும், கிட்டத்தட்ட எல்லாரும் போனை மூடிவிட்டார்கள். மையத்தில் கணக்கு எடுக்கும் ஜெயந்தி டீச்சர், "முக்கோணம்னாலே இவங்களுக்கு பயம்" என்றார். நானும் நம்பி, கேள்வியை இன்னும் எளிதாக்கினேன். அப்போதும் மூடினார்கள்.

பிறகுதான் புத்தி வந்து, தனசேகர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பக்கத்து ஊரான கூரத்திலிருந்து ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டு வந்து படிப்பவர். அவருடைய சின்ன போனில் கேள்வி மட்டும்தான் தெரிந்தது. படம் திரைக்குக் கீழே ஒளிந்திருந்தது. அங்கே ஒரு படம் இருப்பதே யாருக்கும் தெரியாது. என் அகலமான கணினியில் எல்லாம் ஒரே பக்கத்தில் தெரிந்ததால், போனில் அது ஒளிந்துகொள்வது எனக்கும் தெரியவில்லை. அன்றைக்கே படத்தை மேலே ஏற்றினேன். மறுநாள் ஐந்தாவது கேள்வியைத் தாண்டி அத்தனை பேரும் போய்க்கொண்டே இருந்தார்கள். தனசேகர் மட்டும் என்னை விடவில்லை: "படத்த காட்டாம கோபுரம் எவ்ளோ ஒயரம்னு கேட்டா, நான் இன்னா மேடம், ஜோசியனா?"

எல்லாரும் நூற்றுக்கு நூறு

அடுத்து மதிப்பெண்கள் மளமளவென்று ஏறின. நான் தரையில் நடக்கவில்லை. ஆனால் ஜெயந்தி டீச்சர் காகிதத்தில் மாதிரித் தேர்வு வைத்தபோது, அதே ஆட்கள் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

தகவலைத் தோண்டினேன். ஒவ்வொரு கேள்விக்கும் 'உதவி' என்று ஒரு பொத்தான் வைத்திருந்தேன். நாலு முறை அமுக்கினால் விடையே வந்துவிடும். எல்லாரும் கேள்வியைப் படிக்கும் முன்பே டக் டக்கென்று அமுக்கியிருந்தார்கள். முதல் வரியையாவது தானே போட்டால்தான் உதவி திறக்கும் என்று மாற்றினேன். ஒரு வாரம் ஒரே கூச்சல். அதற்குப் பிறகு காகிதத்திலும் விடைகள் வரத் தொடங்கின. காந்தி ரோட்டுப் பட்டுக் கடையில் விற்பனையாளராக இருக்கும் சுமதி சிரித்துக்கொண்டே சொன்னாள்: "அது பக்கத்துல ஒக்காந்துக்கினு பதில் சொல்லிக்கினே இருந்தா, நான் எதுக்கு மேடம் யோசிக்கணும்?"

கலந்துகட்டி

சுமதிக்கு அங்கன்வாடி வேலைக்கு மனுப் போட ஆசை. அதற்குப் பத்தாவது வேண்டும். கணக்கில் ஏற்கெனவே இரண்டு முறை போயிருந்தது. இந்த முறையும் போனால் படிப்பை விட்டுவிடு என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள்.

இந்த நேரத்தில்தான், முடித்த பாடங்களையும் புதுப் பாடங்களையும் கலந்து கேள்வி கொடுக்கலாம், முதலில் தடுமாறினாலும் பிறகு மறக்காது என்றேன். ஜெயந்தி டீச்சருக்குப் பிடிக்கவில்லை. சீட்டுக் குலுக்கி வகுப்பை இரண்டாகப் பிரித்தோம். ஒரு பாதிக்குக் கலவை, மறு பாதிக்குப் பழையபடி வரிசை. சுமதி கலவையில் விழுந்தாள். எதிர்பார்த்தபடியே கலவைக்காரர்களின் மதிப்பெண் முதலில் சரிந்தது. சுமதி வருவதை நிறுத்திவிட்டாள்.

கடைக்கே போனேன். வாடிக்கையாளர் பிரித்துப் போட்ட புடவைகளை மடித்துக்கொண்டிருந்தாள். "எனக்கு வராது மேடம், வுட்ருங்க" என்றாள். முதல் வாரத்தில் உதவி இல்லாமல் அவளால் தொட முடியாத கணக்கு ஒன்றைப் போனில் நீட்டினேன். நின்றபடியே, பில் போடும் பேனாவால் உள்ளங்கையில் எழுதி, போட்டு முடித்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். அன்று மாலையே மையத்துக்கு வந்துவிட்டாள்.

சில வாரம் கழித்து, யாரிடமும் சொல்லாமல் வைத்த தேர்வில் கலவைக் குழு மற்றவர்களைத் தூக்கிச் சாப்பிட்டது. ஜெயந்தி டீச்சர் விடைத்தாள்களை இரண்டு முறை திருத்திப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சரிம்மா, ஒத்துக்கறேன், இனிமே எல்லாருக்கும் கலந்தே குடு, ஆனா அடுத்த தடவ என்னையும் ஒக்கார வெச்சு பிளான் போடு."

முடிவு வந்த நாள்

துணைத் தேர்வு முடிவு வந்த காலை, மையத்தில் நிற்க இடமில்லை. சுமதி பதிவு எண்ணைத் தப்புத் தப்பாக அமுக்கினாள். கடைசியில் தனசேகர்தான் போனை வாங்கி அடித்துக் கொடுத்தார். பாஸ்! அவரும் பாஸ். ஒருவரைத் தவிர எல்லாருமே பாஸ். அந்த ஒருவர் செயலியில் போட்ட கணக்குகளை ஜெயந்தி டீச்சரும் நானும் அங்கேயே பிரித்துப் பார்க்க உட்கார்ந்தோம்.

சுமதி ஓடிப்போய் ஜாங்கிரி வாங்கிவந்தாள். ஒன்றை என் வாயில் திணித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "எனக்குத்தான் மண்டையில ஒண்ணும் இல்லன்னு நெனச்சுக்கினு இருந்தேன், இருக்குது மேடம், ஒங்க பாடத்துக்குத்தான் மொதல்ல மண்டையில ஒண்ணும் இல்ல."

ஆக, பாஸானது அவர்கள், திட்டு வாங்கியது நான் எழுதிய பாடம், ஜாங்கிரி சாப்பிட்டது மட்டும் நான்.