இடி என்று சொல்லாத வீடு

எங்கள் வீட்டில் 'இடி' என்ற சொல்லை நான் சில வருஷங்கள் யாரையும் பேச விட்டதில்லை. ஐப்பசி மழையில் வானம் பிளந்துகொண்டு வந்தாலும் "வானம் முழங்குது, உள்ள வாங்க" என்றுதான் பிள்ளைகளைக் கூப்பிடுவேன். பக்கத்து வீட்டுக்காரி உரல் கேட்டு வந்து "மாவு இடிக்கணும்" என்றால், "பொடிக்கணும்னு சொல்லு பிள்ளே" என்பேன். எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று அவள் நினைத்திருப்பாள்.

எங்கள் பக்கத்துப் பேச்சில் கையை மடக்கிக் குத்துவதும் இடிதான். பட்டாளத்தில் கையுறை மாட்டிக் குத்துச்சண்டை போடுகிறவர் இடிக்காரர். ஆளைப் பிடித்துப் போட்டுக்கொண்டு போகிற போலீஸ் வண்டிக்கும் இடிவண்டி என்றே பேர். என் கணவர் இடிக்காரர். திருவிதாங்கூரோடு கிடந்த எங்கள் ஊர்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று பாறசாலைப் பக்கமெல்லாம் ஊர்வலமும் மறியலும் நடந்த வருஷங்களில் அந்த ஒரு சொல் எங்களைக் கொண்டுபோய் எங்கே நிறுத்தியது என்று எழுதி வைக்கச் சொல்லி என் மகள் கேட்டாள். நான் மிஷன் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். கர்த்தர் எனக்குப் பழைய நாட்களின் ஓர்மையைக் காத்துத் தந்திருக்கிறார். அதை வைத்து எழுதுகிறேன்.

அவர் பட்டாளத்தை விட்டு வந்த பிறகுதான் என்னைக் கட்டினார். ஆகையால் அவர் சண்டை போட்டதை நான் கண்டதில்லை. ஊரிலும் ஒருவரும் கண்டதில்லை. சண்டையெல்லாம் வடக்கே எங்கேயோ, பட்டாளக்காரர்கள் கூடாரம் அடித்திருந்த இடங்களில் நடந்தவை. ஒரு தடவை நான் துருவித் துருவிக் கேட்டபோது, "ஒரு துரை மெசினைச் சுத்திச் சுத்திச் சண்டையப் படம் எடுத்தாரு. துரை சீமைக்குப் போவும்ப அதும் கூடப் போச்சு" என்றார். வெற்றிலைக் கொடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார். பேச்சு குறைந்த மனுஷன்.

அவர் பேசாததையெல்லாம் அமரவிளை சாயக்கடை பேசியது. ரோட்டோரத்துக் கடை. காலையில் வெற்றிலைக் கொடி கட்டுகிறவர்களும், வண்டிக்காரர்களும், நாகர்கோவில் பஸ்ஸில் கண்டக்டராயிருந்த ஒருவரும் அங்கே கூடுவார்கள். கண்டக்டர் பத்திரிகை வாசிக்கிறவர். நான் பால் கொடுக்கப் போகிற நேரமெல்லாம் இந்தப் பஞ்சாயத்துதான்.

"பத்திரிகையில வாற அமெரிக்கா இடிக்காரனுக்குப் படம் உண்டு. கண்டவன் சொல்லுதான், இவன் பெரிய இடிக்காரன் எண்ணு. நம்ம ஆளுக்கு என்ன உண்டு?" என்பார் கண்டக்டர்.

"மூக்கு உண்டு," என்பார் சாயக்கடைக்காரர். "அந்தக் கோணின மூக்கப் பாரும் வே. சாட்சி நடந்துல்லா வருது."

"மூக்கு ஒடைஞ்சவன் அடி வாங்கினவனாக்கும். அடி குடுத்தது தெரியணும்னா எதிராளிக்க மூக்கப் போய்ப் பாக்கணும்."

"அது பஞ்சாப்ல கெடக்கும். ஒம்ம பஸ்ஸ அங்கோட்டு விடும், எல்லாரும் போய்ப் பாத்திட்டு வருவோம்."

சிரிப்பு அடங்க நேரமாகும். என் கணவர் பெஞ்சின் ஓரத்தில் இருந்து சாயா குடித்துக்கொண்டிருப்பார். ஆம் என்றும் சொல்ல மாட்டார், இல்லை என்றும் சொல்ல மாட்டார். அவர் வாய் திறக்காததால் கதை தன்பாட்டுக்கு வளர்ந்தது. முதலில் ஒரு பஞ்சாபிக்காரன் விழுந்தான். ஓணம் வருமுன் அவனுக்கு ஒரு தம்பி பிறந்து அவனும் விழுந்தான். அப்புறம் வெள்ளைக்காரன் ஒருவன் தாடை பெயர்ந்து கப்பலேறினான். நானும் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டதுண்டு. கட்டின புருஷனை நாலு பேர் உயர்த்திப் பேசுவது எந்தப் பெண்ணுக்குக் கசக்கும்?

பிறகு போலீஸ் வந்தது. பள்ளிக்கூடத்தில் பெஞ்சுகளை வெளியே போட்டுவிட்டு உள்ளே தங்கினார்கள். அந்தி சாயுமுன் கதவடைத்தோம். ஊர்வலத்தில் போனவன், போகாதவன் என்ற பேதமில்லாமல் ஆண்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தவர்கள் குப்புறப்படுத்துக் கிடந்தார்கள். எங்கள் சபையில் ஒருவருக்கு முழங்கை மடங்காமல் போயிற்று, அவர் பிறகு கொடி கட்டவே இல்லை. உபதேசியார் ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தைச் சுருக்கி, வெளிச்சத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவார். ரோட்டில் வண்டிச் சத்தம் கேட்டால் பெண்களெல்லாம் அடுப்படியில் அசையாமல் நிற்போம், சத்தம் எந்த முடுக்கில் திரும்புகிறது என்று.

அந்தக் காலத்தில் ஒரு நாள் பாறசாலைச் சந்தைப் பக்கம் தள்ளுமுள்ளு நடந்து, ஒரு போலீஸ்காரனின் தாடையை யாரோ ஒரே இடியில் உடைத்துவிட்டார்கள். இடித்தவன் கூட்டத்துக்குள் மறைந்துவிட்டான். நானும் என் கணவரும் அன்று ஒற்றசேகரமங்கலத்தில் என் தங்கை பிள்ளையின் ஞானஸ்நானத்துக்குப் போயிருந்தோம். மறுநாள் பால் கொண்டு போனபோது சாயக்கடையில் திருவிழா போல் இருந்தது.

"ஒத்த இடி! தாடை ரெண்டு துண்டு!" என்று சாயக்கடைக்காரர் கிளாசை ஆட்டிக்கொண்டிருந்தார். "நம்ம ஆளுக்க இடி இல்லாம வேற எவன் இடியாக்கும் அது? இப்பம் வாரும் கண்டக்டரே, இதுக்குப் படம் வேணுமா ஒமக்கு?"

கண்டக்டரும் அன்று தோற்றுப்போன முகத்தோடு, "இனி நான் ஒண்ணும் பேசல்லே" என்றார்.

பால் பாத்திரத்தைக் கீழே வைத்தேன். "அண்ணே, அவங்க ஊர்லயே இல்ல. எங்கூட ஒற்றசேகரமங்கலத்துல இருந்தாங்க. அப்பிடிச் சொல்லாண்டாம் அண்ணே" என்று கும்பிட்டேன்.

"பயப்படாத பிள்ளே. ஊருக்குல்லா பெருமை! ஒனக்க மாப்பிள போட்ட இடி பெருசாக்கும், சின்னதாக்கும் எண்ணு இத்தற நாளும் ஒரு தெளிவு இல்லாம கெடந்துது. இப்பம் கிட்டியாச்சு."

அவருக்கு வஞ்சனை கிடையாது. இத்தனை வருஷம் வாதாடின ஒரு வழக்கு ஜெயித்துவிட்ட சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில் என் புருஷனின் இரண்டு கையையும் போலீஸ்காரன் முறித்துவிடுவான் என்பது அவருக்குத் தோன்றவில்லை. அந்தக் கைகள்தான் எங்களுக்குக் கஞ்சி. வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தேன். பட்டாளத்திலிருந்து அவர் கொண்டுவந்த தோல் கையுறை ஒரு சோடி அடியில் கிடந்தது. மரச்சீனிக் கிழங்கு அவிக்கிற அடுப்பில் அதை வைத்தேன். லேசில் எரியவில்லை. செத்த மாட்டின் வாடை வீடெங்கும் அடித்தது. அவர் வாசலில் வந்து நின்று மூக்கைச் சுருக்கினார், அடுப்பைப் பார்த்தார், ஓலைக் கீற்று ஒன்றைக் கொண்டுவந்து அதன்மேல் போட்டார். நன்றாகப் பிடித்து எரிந்தது.

மூன்றாம் நாள் உச்சிப்பொழுதில் வந்தார்கள். வீட்டுக்கு வரவில்லை, சாயக்கடை முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு ஒரு போலீஸ்காரனை அனுப்பி இவரைக் கூப்பிட்டார்கள். இவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். நான் கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். வழியெல்லாம் 'கர்த்தாவே, கர்த்தாவே' என்பதைத் தவிர ஜெபத்தின் அடுத்த வார்த்தை எனக்கு வரவில்லை.

பெஞ்சில் இருந்த இன்ஸ்பெக்டர் வடக்கத்தி மலையாளி. பக்கத்தில் ஏட்டு, நல்ல உயரமான ஆள். கடையில் இருந்தவர்களையெல்லாம் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள்.

"நீயோ இடிக்காரன்?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"பட்டாளத்துல கொஞ்சம் பழகினதுண்டு ஏமானே." அந்தக் காலத்தில் போலீஸ் அதிகாரியை அப்படித்தான் கூப்பிடுவோம்.

இன்ஸ்பெக்டர் சாயக்கடைக்காரர் பக்கம் திரும்பினார். "நீயல்லே பறஞ்சது, இவன் வலிய இடிக்காரன் என்று? நீ கண்டோ?"

சாயக்கடைக்காரரின் உதடு ஆடியது. "கண்டதில்ல ஏமானே. ஆளுவ சொல்லிக் கேட்டது."

"ஆரு பறஞ்சு?"

அவர் கண்டக்டரைப் பார்த்தார். கண்டக்டர், "நான் அண்ணைக்கே சொன்னேன் ஏமானே, காணாம ஒண்ணும் சொல்லக்கூடாது எண்ணு" என்றார். அடுத்தவர் தாம் காது கேளாதவர் என்றார். அவருக்குக் காது நன்றாகவே கேட்கும். அதற்கடுத்தவர் தாம் அமரவிளைக்கே புதிது என்றார், அவர் அப்பா கல்லறை எங்கள் சபைத் தோட்டத்தில் இருக்கிறது. இத்தனை வருஷம் பஞ்சாபிக்காரனையும் அவன் தம்பியையும் வெள்ளைக்காரனையும் விழத் தட்டின அத்தனை பேரும் கண் முன்னால் ஒவ்வொருவராய் அவனவனை எழுப்பி அனுப்பிவிட்டார்கள். எனக்கு மூச்சு வந்தது. ஒருவரும் காணாத சண்டைக்காகக் கையை முறிக்க மாட்டார்களே என்று நினைத்தேன்.

"அப்போ ஆரும் கண்டிட்டில்லா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஞான் கண்டிட்டுண்டு சார்," என்றார் ஏட்டு.

என் இடுப்பிலிருந்த பிள்ளை வீறிட்டழுதது. நான் அதை அப்படி அழுத்திப் பிடித்திருக்கிறேன், தெரியவில்லை.

ஏட்டு முன்னால் வந்து என் கணவரை மேலும் கீழும் பார்த்தார். இரண்டு பேரும் ஒரே பட்டாளத்தில் இருந்தவர்கள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. "ஞான் இவனோடு ரிங்கில் இறங்கியிட்டுண்டு," என்றார். "முதல் ரவுண்டு. ஒண்ணு கொடுத்து. ஆள் தாழே விழுந்து. பின்னே எழுந்தில்லா. இவனொண்ணும் இடிக்காரனல்லா சார். பட்டாளத்தில் இவனுக்குப் பணி, கையுறை சுமக்கிறது."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. பெஞ்சிலிருந்து எழுந்தார். பேசிக்கொண்டே வந்தவர், சட்டென்று லத்தியை இவர் முகத்தை நோக்கி வீசினார்.

இத்தனை காலம் கழித்தும் அந்த ஒரு நொடியைத்தான் மனது திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறது. குத்துச்சண்டை பழகினவன் கை தானாக எழும்பும், தலை தானாக ஒதுங்கும் என்று சொல்வார்கள். இவர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். இரண்டு கையையும் உச்சந்தலையில் வைத்துக்கொண்டு, வாத்தியாரிடம் அடி வாங்குகிற பிள்ளை மாதிரி, அப்படியே குந்திவிட்டார். லத்தி தோளில் விழுந்தது. "ஐயோ, என்னக் கொல்லாதீங்க ஏமானே" என்று சத்தமாகக் கத்தினார். அவர் அவ்வளவு சத்தம் போட்டு நான் கேட்டதில்லை.

இன்ஸ்பெக்டர் காறித் துப்பினார். "இவனோ தாடை பொட்டிச்சது!" என்று ஏட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். வண்டி பாறசாலைப் பக்கம் திரும்பிப் போயிற்று. ஏட்டு ஏறும்போது எங்களைப் பார்க்கவில்லை.

இவர் முன்னால் நடந்தார், நான் பின்னால். வேலியருகே வந்ததும், "ஏட்டுக்கு இப்பம் தொப்ப போட்டிட்டுது" என்றார். அவ்வளவுதான். கஞ்சி ஊற்றி வைத்தேன். கஞ்சி கோரிக் குடிக்கப் பிலாவிலையை எடுத்தார், அது கையில் நிற்கவில்லை. கஞ்சி மடியில் சிந்தியது. நான் பிள்ளையைக் கீழே விட்டுவிட்டு அவருக்கு ஊட்டினேன். அவர் கண்ணில் நீர் வந்துகொண்டேயிருந்தது. அது தோள் வலியா, அவமானமா, பயமா என்று நான் கேட்கவில்லை.

அதன் பிறகு சாயக்கடையில் அவருக்கு 'முதல் ரவுண்டு' என்று பேர் விழுந்தது. "எலே, முதல் ரவுண்டு வருதாரு, பெஞ்சப் பிடிங்கலே, விழுந்திரப் போறாரு" என்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டே இருப்பார். பிள்ளைகள் அழுதுகொண்டு வீட்டுக்கு வரும். "அப்பா கை காலோட வீட்டுல இருக்காருல்லா மக்கா" என்று நான் சொல்லி அனுப்புவேன். எல்லைக்கோடு கடைசியில் எங்களுக்குத் தெற்கே விழுந்தது, நாங்கள் கேரளத்திலேயே நின்றோம். போலீஸ் பள்ளிக்கூடத்தைக் காலி செய்தது. பெஞ்சுகள் உள்ளே போயின. ஆனாலும் அவரை யாராவது உயர்த்திப் பேச வாயெடுத்தால் என் கண் முதலில் ரோட்டுக்குத்தான் போகும்.

இப்போது என் மருமகன் டி.வி.யில் குத்துச்சண்டை பார்க்கிறவன். போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது விடாமல் கேட்டான். "மாமி, நெசத்தச் சொல்லுங்க. மாமா பெரிய இடிக்காரரா, இல்ல ஏட்டு சொன்னதுதான் நேரா?"

"எனக்கு அறியாது."

"படம் ஒண்ணு இருந்திருந்தா இப்பம் பாத்துச் சொல்லியிருக்கலாம். சீமையில எங்கயாவது கெடக்குதோ என்னவோ. எழுதிக் கேட்டாலோ?"

அவன் ஆசைக்குக் கேட்கிறான். நல்ல பிள்ளை. ஏட்டு சொன்னது உண்மையாகவும் இருக்கலாம், கூட இருந்தவனைக் காப்பாற்றச் சொன்ன கள்ளமாகவும் இருக்கலாம். லத்தி வந்தபோது இவர் குந்தியது பயத்திலா, தானாக எழுந்த கையைப் பிடித்து அடக்கித் தலையில் வைத்ததா, இரண்டும் சேர்ந்ததா என்று நானும் எத்தனையோ ராத்திரி யோசித்திருக்கிறேன். இவர் அதைச் சொல்லாமலே கர்த்தரிடம் போய்ச் சேர்ந்தார். ஏட்டும் போயிருப்பார்.

ஆனால் அந்தப் படம் ஒன்று ஊரில் இருந்து, அதை யாராவது அன்று இன்ஸ்பெக்டருக்குப் போட்டுக் காட்டியிருந்தால்? மருமகனிடம் அதைத்தான் கேட்டேன். "ஒனக்குக் கட்டித்தந்தேனே, அவ அந்தக் கலவரமெல்லாம் அடங்கி மூணு வருசம் கழிச்சுப் பொறந்தவளாக்கும். படம் இருந்திருந்தா மாமாவும் இல்ல, அவளும் இல்ல" என்றேன்.

அதற்கு அவன், "அப்பம் எழுதிக் கேக்காண்டாம் மாமி" என்றான்.