நாலு கார்புரேட்டர் வைத்த ஜப்பான் கார்

அறுபதுகளின் நடுவில் நான் திண்டிவனம் அரசு ஆஸ்பத்திரியில் மருத்துவச்சியாக இருந்தேன். என் கணவர் பஸ் பட்டறை ஒன்றில் ஃபிட்டர். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவருக்குத் தெரிந்த கோட்டக்குப்பத்து பாய் ஒருவர் எங்கள் வீட்டுக் கொல்லைக்குள் சிவப்புக் கார் ஒன்றை ஓட்டி வந்தார். ஜப்பானில் செய்தது, இரண்டே பேர்தான் உட்காரலாம். சிங்கப்பூர்க் கடையை மூடிவிட்டு ஊர் திரும்பியபோது கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தாராம்.

"அங்க பறந்துச்சு தம்பி. இங்க இருமிக்கினே கெடக்குது. ரோட்டுல கல்லு கெடந்தா வயித்துல இடிக்குது. ஒரே பேஜாரு. நீ என்னா பண்ணுவியோ, நம்ம ரோட்டுல இது பஸ்ஸ முந்தணும்."

பானெட்டைத் திறந்த என் கணவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏய், இங்க வந்து பாரேன். எல்லாக் காருக்கும் கார்புரேட்டர் ஒண்ணு. இதுக்கு நாலு!"

எட்டிப் பார்த்தேன். பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு ஊட்டும் அந்த நாலும் ஒரே அச்சில் வார்த்த பிள்ளைகள் போல வரிசையாக நின்றன. பின்சக்கரங்களைத் திருப்புவதும் சைக்கிளைப் போலச் சங்கிலிதான் என்று தெரிந்தபோது, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நானும் காருக்கு அடியில் படுத்துவிட்டேன். கூடவே வந்த புத்தகம் முழுக்க ஜப்பானிய எழுத்து. படங்களை வைத்துத்தான் இருவரும் ஊகித்தோம்.

காரை எங்களிடம் விட்டுவிட்டு பாய் பஸ்ஸில் போனார். ஸ்பிரிங்குகளுக்கு அடியில் இரும்பு வளையம் வைத்து, என் கணவர் காரை இரண்டு அங்குலம் உயர்த்தினார். புழுதியைத் தடுக்க, காற்று போகும் வழியில் கம்பளித் துணியில் வடிகட்டி கட்டினார். அதோடு நிற்கவில்லை. இன்ஜின் தலையைக் கழற்றி லேசாக இழைத்தெடுத்தார். உள்ளே இடம் குறைந்தால் பெட்ரோல் இன்னும் அழுத்தமாக வெடிக்கும், வேகம் கூடும் என்பது அவர் கணக்கு.

விழுப்புரம் சாலையில் ஓட்டிப் பார்த்தோம். விக்கிரவாண்டிக்கு முன்பே டப்பாவுக்குள் கூழாங்கல் குலுக்குவது போலச் சத்தம்.

"ஏங்க, மெல்லப் போனா கேக்கலியே. நீங்க ஆக்ஸிலேட்டர அமுக்குறப்பதான கேக்குது?"

அவர் காலை எடுத்துவிட்டு மறுபடி அமுக்கினார். மறுபடியும் கூழாங்கல். வீடு வரும்வரை யோசித்தவர், "தப்பு என்னுதுதான். நம்ம ஊரு பெட்ரோல் இந்த அழுத்தத்தத் தாங்காது. முன்னாடியே வெடிச்சிடுது" என்றார். இன்ஜின் தலைக்கடியில் இரண்டு கேஸ்கெட் தகடுகளை அடுக்கி, தான் இழைத்ததைத் தானே ஈடு கட்டினார். அன்று இரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

சத்தம் போனது, இருமல் போகவில்லை.

நாலும் ஒரே அளவு காற்றை இழுக்கிறதா என்று எனக்குச் சந்தேகம். வயிற்றுப் பிள்ளையின் துடிப்பை நாள் முழுக்கக் கேட்டுப் பழகிய காது. ரப்பர் குழாய் ஒன்றின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு கார்புரேட்டரின் வாயருகிலும் பிடித்தேன். மூன்று கார்புரேட்டர்களில் உஸ்ஸென்று ஒரே சீராக இழுப்பு. வரிசையில் மூன்றாவதாக நின்றதில் மட்டும் மூச்சு விட்டு விட்டு வந்தது.

"இதுதாங்க."

"நெஜமாவா?" என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திராமல் திருகாணிகளைக் கழற்றத் தொடங்கிவிட்டார். காற்று போகும் பொடித்துளையில் நகக்கண் அளவு மல்லாட்டைத் தோல், வேர்க்கடலைத் தோல்தான், ஒட்டியிருந்தது. வழியில் எந்தக் களத்திலிருந்து பறந்து வந்ததோ! அதை எடுத்தபின், நான் குழாய் வழியாகக் கேட்டு "இன்னும் கொஞ்சம், போதும்" என்று சொல்லச் சொல்ல, அவர் நாலையும் சரிசமமாகத் திருகி வைத்தார்.

அடுத்த ஞாயிறு வந்த பாய், "நீங்க ரெண்டு பேரும் ஜல்தி போய்ட்டு வாங்க. நான் டீ குடிச்சிக்கினு இருக்கேன்" என்றார்.

மயிலம் பிரிவுக்கு முன்னால் ஒரு பஸ்ஸை முந்தினோம். ஜன்னலோர முகங்கள் எல்லாம் எங்கள் பக்கம் திரும்பின. கொஞ்ச தூரம் போய் அவர் காரை ஓரங்கட்டி இறங்கினார்.

"நீ ஓட்டு."

"நானா? எனக்குத் தெரியாதே!"

"எங்க கொறைன்னு கேட்டுச் சொன்னவ நீதான? ஒக்காரு."

இரண்டு முறை அணைந்தது. மூன்றாம் முறை கிளம்பியது. சாலையில் யாருமில்லை. காலை அமுக்க அமுக்க இன்ஜின் உயர்ந்து பாடியது.

அந்த மாதமே லைசென்ஸுக்கு எழுதிப் போட்டேன்.