அம்மாவுக்கு இடமில்லாத கார்

இன்று கொடிகாமம் பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து அமர்ந்தவர் எங்கள் ஊர்க் கார்க்காரர். அவருக்கு என்னைத் தெரியவில்லை.

தொண்ணூற்றைந்தில் போருக்குப் பயந்து ஊரே தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது, நடக்க முடியாத அம்மாவை ஏற்றச் சொல்லி இவரிடம்தான் கெஞ்சினேன்.

"பழைய ஸ்பிரிங் தகடு, தங்கச்சி. பாரம் சுமந்து சுமந்து தட்டையாப் போச்சு. இன்னொரு ஆள் ஏறினால் முறிஞ்சிடும்."

பொய்யில்லை. காரின் பின்பக்கம் சில்லில் முட்டுமளவுக்குப் பதிந்திருந்தது. ஆனால் பின் சீற்றில் இருந்தது அவருடைய தொலைக்காட்சிப் பெட்டி.

அம்மா என் தோளைப் பிடித்தபடி மழையில் நடந்தார். மூன்றாம் நாள் காய்ச்சலில் போய்விட்டார்.

"நீங்கள் ஆருடைய மகள்?" என்று இன்று கேட்டார். அம்மாவின் பெயரைச் சொன்னேன்.

"ஓ! அம்மா சுகமா இருக்கிறாவோ?"

"ஓம்" என்று சொல்லிவிட்டு, எழும்பி நின்றுகொண்டே வந்தேன்.

நீங்கள் என்றால் என்ன சொல்லியிருப்பீர்கள்?