பாலவனத்தத்தில் இறங்கிவிட்டோம்

விருதுநகரிலிருந்து வீடு திரும்பும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டு வந்த அக்கா, பாலவனத்தம் வந்ததும் எழுந்தார். "வாங்க, வீட்டுல காப்பி குடிச்சிட்டுப் போகலாம்."

இரண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் உடனே பையை மாட்டிக்கொண்டாள்.

"அது மரியாதைக்குச் சொல்றது பாப்பா. 'போயிட்டு வாரேன்'னு அர்த்தம்" என்று அவள் காதில் சொன்னேன்.

அக்காவுக்குக் கேட்டுவிட்டது. "யாரு சொன்னா? நெசமாத்தான் கூப்புடுறேன். இறங்குங்க!"

இறங்கினோம். காப்பியோடு சூடான பணியாரமும் கிடைத்தது. மகள் ஐந்து தின்றாள்.

கிளம்பும்போது நானும் சொன்னேன். "அருப்புக்கோட்டைப் பக்கம் வந்தா நம்ம வீட்டுக்கு வாங்கக்கா."

"அம்மா, இது நெசமாவா, மரியாதைக்கா?" என்றாள் மகள்.

அக்காவும் என் முகத்தையே பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வருகிறார். என்ன சமைக்கலாம், சொல்லுங்கள். மரியாதைக்குக் கேட்கவில்லை.