கலங்கரை விளக்கத்து வரிசையில்

சாந்தோமில் பிறந்து வளர்ந்தவர்கள் யாரும் கலங்கரை விளக்கத்தில் ஏறுவதில்லை. அது வெளியூர்க்காரர்கள் செய்கிற வேலை. எங்களுக்கு அது ஆட்டோக்காரருக்குச் சொல்லும் அடையாளம், அவ்வளவுதான். மேலே போய்ப் பார்க்க ஒரு மணி நேரம் நிற்கலாமா என்று அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள் கேட்டால், "பீச்ல உக்காந்து கீழேர்ந்து பாருங்க, அதுவே போதும்" என்று சொல்லிவிடுவேன். முப்பத்தாறு வயது வரை நானும் ஏறியதில்லை.

அதனால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே அம்மா, "சாயங்காலம் லைட் ஹவுஸ் மேல போலாமாடி?" என்று கேட்டதும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சோழியன் குடுமி சும்மா ஆடாது. முழங்கால் வலி என்று மாடித் தண்ணீர்த் தொட்டியைக்கூட எட்டிப் பார்க்காதவள், கோபுரம் ஏறக் கூப்பிடுகிறாள்.

"எதுக்கு?"

"சும்மாதான். இவ்ளோ வருஷம் இங்க இருந்துட்டு ஒரு தடவ கூடப் பாக்கலியே."

என் சந்தேகத்துக்குக் காரணம் இருக்கிறது. எங்கள் ஆட்கள் இப்போதெல்லாம் வீட்டில் வைத்துப் பெண் பார்ப்பதில்லை. பிடிக்காமல் போனால் இரண்டு பக்கமும் சங்கடம். பொது இடத்தில் தற்செயலாகப் பார்த்துக்கொண்ட மாதிரி ஏற்பாடு செய்துவிடுவார்கள். பெண்ணுக்கே தெரியாது. தி.நகர் புடவைக் கடையில் என் தோளில் ஒரு புடவையைப் போட்டு, "இந்தக் கலர் உனக்கு எடுப்பா இருக்கும்மா" என்ற முன்பின் தெரியாத அம்மாள், துபாய் மாப்பிள்ளையின் தாய். பெசன்ட் நகர் மாதா கோயிலில் என்னிடம் தீப்பெட்டி கேட்டு மெழுகுவத்தி ஏற்றியவர் இன்னொரு மாப்பிள்ளையின் சித்தப்பா. அடையாறு ஐஸ்கிரீம் கடையில் மாப்பிள்ளையே வந்திருந்தான். நான் இரண்டு கப் சாப்பிட்டதை எண்ணிக்கொண்டு போனானாம்.

எல்லோருக்கும் நான் சொன்ன பதில் ஒன்றுதான்: "அம்மாவத் தனியா விட்டுட்டு வரமாட்டேன்." நான் பிளஸ் டூ படிக்கும்போது அப்பா இறந்துவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் நாங்கள் இரண்டே பேர். பதில் பாதி உண்மை. மீதிப் பாதி, எனக்கு அந்த ஆட்களைப் பிடிக்கவில்லை.

அன்று அம்மா மயில் கழுத்து நிறத்துப் புடவையைக் கட்டிக்கொண்டு, கண்ணாடி முன்னால் இரண்டு தடவை நின்றாள். வருங்கால மாமியார் கெத்துக்குத் தயாராகிறாள் என்று நினைத்தேன். நான் வேண்டுமென்றே பழைய சுடிதார், ரப்பர் செருப்பு. அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதுவும் சந்தேகமாக இருந்தது.

வரிசை வெளி கேட் வரைக்கும் வந்துவிட்டது. வெயில் இன்னும் இறங்கவில்லை. லிஃப்டில் ஒரு தடவைக்குக் கொஞ்சம் பேர்தான் ஏற முடியும். மேலே போனவர்கள் இறங்கினால்தான் அடுத்தவர்கள். "இன்னாமா நின்னுக்கினே கீறீங்க, முன்னால போங்க" என்று காவலாளி சொல்லும்போதெல்லாம் நாங்கள் இரண்டு அடி நகர்ந்தோம். நான் வரிசையைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தேன். எங்களுக்குப் பின்னால் கணவன், மனைவி, இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையில் உயரமாக ஒரு மகன். அந்த அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் கேட்டேவிட்டாள்.

"நீங்க இந்த ஊராம்மா?"

"ஆமா. எனக்குச் சமையல் தெரியாது" என்றேன்.

அவள் திகைத்துப் போனாள். "இல்லம்மா, இங்க பாத்ரூம் எந்தப் பக்கம்னு கேக்கலாம்னு..."

அந்த நேரத்தில் கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்து, முழுக்கைச் சட்டைக்காரன் கையில் குழந்தையைத் திணித்தாள். நான் பாத்ரூமுக்கு வழி சொல்லிவிட்டு முன்பக்கம் திரும்பிக்கொண்டேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் சந்தேகம் போகவில்லை. இவர்கள் இல்லையென்றால் வேறு யாரோ.

எங்களுக்கு முன்னால் ஒரு பெரியவர் தனியாக நின்றார். அறுபதைத் தாண்டியிருக்கும். வெள்ளை அரைக்கைச் சட்டை, கையில் மடக்குக் குடை. வரிசை திரும்பும்போதெல்லாம் அவர் அம்மாவைப் பார்ப்பார். அம்மா உடனே கடலைப் பார்ப்பாள். பிறகு அவர் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்து, "தண்ணி வேணுமாம்மா?" என்று பாட்டிலை நீட்டினார். பிடிபட்டது. இவர் தரகர்.

"வேணாம் அங்கிள். மாப்பிள்ளை வரலியா? இல்ல, வழக்கம் போல போட்டோ மட்டும்தானா? என்னைப் பத்தி வெளிய என்ன சொல்லி வித்துக்கிட்டு இருக்கீங்க?"

சத்தமாகவே கேட்டேன். பின்னாலிருந்த குடும்பம்கூட எட்டிப் பார்த்தது. அவர் முகம் சுண்டிப்போனது. பாட்டிலை மூடி, "தப்பா நெனச்சுக்காதம்மா" என்று திரும்பிக்கொண்டார். அம்மா என் கையை அழுத்திக் கிள்ளினாள். திரும்பிப் பார்த்தால் அவள் கண் கலங்கியிருந்தது. லிஃப்ட் வந்ததும் மூன்று பேரும் ஒன்றாகத்தான் ஏறினோம்.

மேலே காற்று ஆளைத் தள்ளியது. ஒரு பக்கம் கடல். இன்னொரு பக்கம் எங்கள் சாந்தோம் தேவாலயக் கோபுரம், மயிலாப்பூர்க் கோயில் கோபுரம், நடுவே எண்ண முடியாத பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டிகள். இதற்காகவா ஒரு மணி நேரம்? பெரியவர் அடையாறு பக்கமாகப் போய் எங்களுக்கு முதுகு காட்டி நின்றார். அம்மா கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"மாப்பிள்ளை வந்திருக்காருடி. அவருதான்."

"என்னம்மா நீ? அந்த வயசு ஆளையா எனக்கு..."

"உனக்கு இல்ல" என்றாள். "எனக்கு."

எனக்கு முதலில் வந்தது கோபம். அப்புறம் பயம். இந்த இரண்டும் வந்த பிறகுதான் வெட்கம் வந்தது. டீச்சரான அம்மாவுக்கு, பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்தப் போன இடத்தில் பழக்கமாம். அவர் கணக்கு வாத்தியார், மனைவி இல்லை, பிள்ளை இல்லை. இரண்டு வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஊரையெல்லாம் சந்தேகப்படுகிற எனக்கு, அம்மாமேல் மட்டும் ஒரு நாளும் சந்தேகம் வரவில்லை.

"இத வீட்ல சொல்லக் கூடாதா? இங்க எதுக்கு?"

"வீட்ல சொன்னா ரூமுக்குள்ள போய்க் கதவச் சாத்திக்குவ. ஓட்டல்னா பாதில எழுந்து போயிடுவ. இவ்ளோ நேரம் லைன்ல நின்னவ மேல வராமப் போகமாட்டான்னு நெனச்சேன். நீ அவரப் பாக்கணும், அவர் உன்னப் பாக்கணும். உனக்குப் பிடிக்கலன்னா வேணாம்னு அவர்கிட்டயே சொல்லிட்டேன்."

பெண் பார்க்கும் படலம்தான். ஆனால் அதில் பெண் அம்மா. சரியா வேண்டாமா என்று சொல்ல வேண்டியவள் நான். அதை உணர்ந்ததும் இன்னொரு சந்தேகம் தலைதூக்கியது. எல்லாவற்றையும்விட அதுதான் என்னைக் குத்தியது.

"எனக்காகப் பண்றியா? உன்னச் சாக்குச் சொல்லி நான் எல்லாரையும் வேணாம்னு சொல்றேன்னு, அதுக்காகவா?"

அம்மா என்னை நேராகப் பார்த்தாள். "உனக்காக நிறையப் பண்ணிட்டேன்டி. இது எனக்கே வேணும். சாயங்காலம் ஆனா அவரோட பேசணும்னு இருக்கு. நீ வேலைய விட்டு வரவரைக்கும் அந்த வீட்ல என்னால தனியா இருக்க முடியல. வந்தப்புறமும் நீ போனத்தான் பாக்குற."

அவள் இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. அதில் நோண்டிப் பார்க்க ஒன்றும் இல்லை. அழுகை வந்தது, காற்றின்மேல் பழி போட்டுத் துடைத்துக்கொண்டேன்.

பெரியவர் எங்களிடம் வந்தார். "நான் கெளம்புறேன் டீச்சர். பொண்ணு கோவமா இருக்கு. இன்னொரு நாள் பாத்துக்கலாம்" என்றார். அம்மா அவரைத் தடுக்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். வகுப்பில் எத்தனையோ பிள்ளைகளை அடக்கியவள், ரிசல்ட் பார்க்க வந்த மாணவி மாதிரி நின்றாள்.

"அங்கிள், தப்பாப் பேசிட்டேன்" என்றேன். "வீட்டுக்கு வாங்க. ஆனா எனக்குக் கேக்க நிறைய இருக்கு. சுகர், பிரஷர், கொறட்டை, எல்லாம் கேப்பேன்."

"சுகர் இருக்கும்மா" என்றார் உடனே, மிகுந்த பயத்தோடு.

மேலே இருந்த காவலாளி, "டைமாச்சு, எறங்குங்க. லிஃப்ட்ல இன்னும் ரெண்டு பேர் ஏறலாம்" என்று குரல் கொடுத்தார். நான் அம்மாவின் முதுகில் கைவைத்து அவரோடு உள்ளே அனுப்பினேன்.

"நீ?"

"ரெண்டு பேரும் போங்க. நான் அடுத்த லிஃப்ட்ல வரேன்."

கதவு மூடும்வரைக்கும் அம்மா என்னைச் சந்தேகத்தோடுதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.