நூற்றுப் பதின்மூன்றாம் பக்கம்

நகராட்சிப் பதிவறையில் அவளுக்கு ஸ்கேன் அக்கா என்றுதான் பேர். அவளைவிட வயதில் மூத்த மேலதிகாரியும் அப்படித்தான் கூப்பிடுவார். பதினோரு வருஷமாகப் பழைய பதிவேடுகளைக் கண்ணாடிமேல் கவிழ்த்துப் படமெடுத்து இணையத்தில் ஏற்றுகிறாள். தூசியில் தும்மித் தும்மி மூக்கு சிவந்ததுதான் மிச்சம். ஓரத்தில் லேசாக நிழல் விழுந்தாலும் விடமாட்டாள், மறுபடி எடுப்பாள்.

அப்பேர்ப்பட்டவள்தான் ஒரு பக்கத்தை அப்படியே முழுங்கினாள்.

அது நாற்பது வருஷத்துக்கு முந்தைய தண்ணீர்ப் புகார்ப் பதிவேடு. நூற்றுப் பதின்மூன்றாம் பக்கத்தில் அவள் அப்பா இருந்தார். 'வால்வு திறப்பவர் பணி நேரத்தில் தூங்கிவிட்டார். நான்கு தெருக்களுக்குத் தண்ணீர் இல்லை. பணிநீக்கம்.' மூன்றே வரி. அப்பா சாகும்வரை இதைப் பற்றி வாய் திறந்ததில்லை; அம்மா சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். ஊரே பார்க்க நான் ஏற்றுவதா என்று அவளுக்குத் தோன்றியது. தாளைப் புரட்டிவிட்டு அடுத்ததை எடுத்தாள். இடைவெளி தெரியாதபடி கோப்புகளுக்கு வரிசையாக எண்ணும் போட்டாள். தாளின் மூலையில் அச்சடித்த எண்ணை மட்டும் மறந்துபோனாள். எத்தனை கெட்டிக்காரி பாருங்கள்.

பக்கத்துப் பள்ளி வரலாற்று ஆசிரியை அதே பதிவேட்டை எட்டாம் வகுப்புக்குப் பாடமாக வைத்தாள். மறுநாளே போன் வந்தது.

"அக்கா, நூத்திப் பன்னெண்டுக்கு அப்புறம் நூத்திப் பதினாலு வருதாம். பிள்ளைங்க என்னைத் துளைச்செடுக்குறாங்க."

இரண்டு தாள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது என்று சொல்லியிருக்கலாம். அந்தத் தொழிலில் எல்லாருக்கும் கைகொடுக்கும் சாக்கு அதுதான். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் பதினோரு வருஷ வேலையில் ஒரு பொய்யை நிரந்தரமாக உட்கார வைக்க அவளுக்கு மனசு ஒப்பவில்லை.

"நாளைக்கு நானே கொண்டு வர்றேன் மிஸ்" என்றாள்.

மறுநாள் வகுப்பில் அந்தப் பக்கம் திரையில் பெரிதாக விழுந்தது. ஸ்கேன் அக்கா கடைசி பெஞ்சில், கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் யாருடைய மகள் என்று அங்கே யாருக்கும் தெரியாது.

"நாலு தெருவுக்குத் தண்ணி இல்லாம தூங்கியிருக்காரு. தூக்கினது சரிதான்" என்றது ஒரு குரல். சிலர் சிரித்தார்கள். அவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. இதற்குத்தானே பயந்தாள்.

முன்வரிசையில் ரெட்டைச் சடைக்காரி ஒருத்தி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மிஸ், புகார் கொடுத்தவங்க சொன்னது இருக்கு, ஆபீஸ் சொன்னது இருக்கு. அவரு என்ன சொன்னாருன்னு எங்கேயுமே இல்லையே. அவரை யாரும் கேக்கலையா?"

ஆசிரியை பதில் சொல்வதற்குள் கடைசி பெஞ்சில் அக்கா எழுந்துவிட்டாள்.

"கேக்கலைம்மா. தூங்கினது உண்மைதான். அதுக்கு முன்னாடி மூணு நாள் அவரு கண்ணே மூடலை. வீட்ல எட்டு வயசுப் பிள்ளைக்குக் காய்ச்சல், பிழைக்குமான்னே தெரியாத நிலைமை. தோள்ல போட்டுக்கிட்டே நடந்தாரு. காய்ச்சல் இறங்கின அன்னைக்குத்தான் வேலைக்குப் போனாரு."

சடைக்காரி நோட்டில் மளமளவென்று எழுதிக்கொண்டே நிமிர்ந்தாள்.

"இதை யாரு சொன்னதுன்னு போடணும் அக்கா. என்னன்னு எழுத?"

அக்கா கைப்பையைப் பெஞ்சில் வைத்தாள்.

"அவரோட மகள்னு எழுதிக்கோ."