நாற்பது தாளில் ஒரு தாள்

அலுவலகத்தில் எல்லோரும் அவளைச் சிவப்பு மை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு நின்றுவிட்டது. தேர்தல் முடிந்த கையோடு வீடு வீடாகப் போய், யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள், ஏன் போட்டீர்கள் என்று கேட்டு எழுதி வரும் தாள்களைச் சரிபார்ப்பது அவள் வேலை. பத்தொன்பது வருஷமாக அதே மேஜை. ஒரு கால் குட்டை, அதன் அடியில் பழைய வாக்காளர் பட்டியலை மடித்து முட்டுக் கொடுத்திருந்தாள்.

வேலைக்குச் சட்டங்கள் உண்டு. பெயரும் விலாசமும் உள்ள முதல் தாளைக் கிழித்து, மேலதிகாரி தன் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார். மற்ற தாள்களுக்கு வெறும் எண்தான். தப்பான பதிலை அழிக்கக் கூடாது. ஒரே ஒரு கோடு போட்டு, பழையதும் கண்ணுக்குத் தெரியும்படி, பக்கத்தில் சிவப்பு மையில் சரியானதை எழுத வேண்டும். ஏன் திருத்தினோம் என்பதைப் பதிவேட்டில் எழுத வேண்டும்.

இந்தப் புத்தி வீடு வரைக்கும் வந்துவிட்டது. அவள் கணவர் கடைத்தெருவில் கடிகாரம் ரிப்பேர் செய்பவர். மற்றவர்கள் கடிகாரத்தையெல்லாம் ஓட வைத்தாரே தவிர, ஒரு நாளும் சொன்ன நேரத்துக்கு வீடு திரும்பியதில்லை. "பத்து நிமிஷத்துல வர்றேன்னீங்க. திருத்தம், ஒன்றரை மணி நேரம். காரணம் சொல்லுங்க" என்று வாசலிலேயே மறிப்பாள். மனுஷன் வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டு நிற்பார்.

இந்தத் தடவை தேர்தலில் வினையை இழுத்துவிட்டவர் அக்காவின் அண்ணன். நல்ல மனுஷர், வாய்தான் காது வரைக்கும். வார்டு தேர்தலில் குடை சின்னத்தில் நின்று, சீப்பு சின்னத்துக்காரரிடம் மண்ணைக் கவ்வினார். தோற்றதுகூட அவருக்குப் பெரிதில்லை, கூட இருந்தே குழி பறித்தது யார் என்று தெரியாமல்தான் தூக்கம் வரவில்லை.

"உங்க ஆபீஸ்ல எல்லாம் இருக்கும்ல? ஒரு எட்டு பாத்துச் சொல்லேம்மா."

"அண்ணா, எது வேணா கேளு. அதை மட்டும் கேக்காத."

"கூடப் பொறந்தவனுக்கு இதுகூட செய்ய மாட்டியா? சரி போ. வார்டு வாரியா, தொழில் வாரியா புஸ்தகம் போடுவீங்கல்ல, அது வரட்டும். நானே கண்டுபிடிக்கிறேன். கண்டுபிடிச்ச ஆளு வீட்டு வாசப்படிய அப்புறம் மிதிக்க மாட்டேன்!"

மறுவாரம் அக்காவின் மேஜைக்கு நாற்பது தாள் கொண்ட ஒரு கட்டு வந்தது. வீட்டுக்குப் போய்க் கேட்டு எழுதியவன் வேலைக்குப் புதுசு. கேட்டதை மட்டும் எழுது என்றால், கேட்காததையும் ஓரத்தில் எழுதி வைப்பவன். பன்னிரண்டாவது தாளில் வயது 25, திருமணமாகி 27 வருஷம் என்று இருந்தது. அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பேனா மூடியைத் திறந்துகொண்டே அடுத்த வரிக்குப் போனாள். தொழில்: கடிகாரம் ரிப்பேர்.

அந்த வார்டில் கடிகாரம் ரிப்பேர் செய்பவர் ஒருவர்தான். அவர் காலையில் இவளிடம் காபி வாங்கிக் குடித்துவிட்டுத்தான் கடைக்குக் கிளம்பியிருந்தார்.

கண் தானாகக் கீழே ஓடியது. ஓட்டு: சீப்பு. தலையில் ஒரு முடி இல்லை, சீப்புக்குப் போட்டிருக்கிறார்! ஓரத்தில் அந்தப் புதுப் பையன் மணிமணியாக எழுதியிருந்தான். 'குடைக்காரர் நல்லவர்தான், ஆனால் ஜெயித்தால் தினமும் கூட்டம் எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் நடக்கும் என்றார். தெரிந்தால் வீட்டில் சோறு விழாது என்றார். மூன்று முறை வாசலைப் பார்த்தார்.'

அக்காவுக்கு முதலில் பற்றிக்கொண்டு வந்தது. இருபத்தேழு வருஷம் ஒரே கூரைக்கடியில் இருந்துகொண்டு இப்படி ஒரு ஊமைக்கோட்டானா? இரு, வீட்டுக்கு வா, வைத்துக்கொள்கிறேன் என்று பல்லைக் கடித்தாள். கூட்டம் கூடத்தில்தான் நடக்கும் என்பது சத்தியமான வார்த்தை என்பது வேறு அவள் கோபத்தைக் கெடுத்தது. அப்போதுதான் கடைசி வரியைப் பார்த்தாள். 'பெயர் வெளியே வராது என்று வீட்டுக்காரி சொல்லியிருக்கிறாள், அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், அதை நம்பித்தான் சொல்கிறேன் என்றார்.'

அக்கா பேனாவை மூடினாள்.

தெரிந்தவர் தாள் வந்தால் கை வைக்கக் கூடாது, வேறு ஆளிடம் கொடுத்துவிட வேண்டும் என்பதும் சட்டம்தான். ஆனால் அந்த ஒரு தாளை உருவிக் கொடுத்தால், இது அக்கா வீட்டு ஆள் என்று நெற்றியில் எழுதி ஒட்டிய மாதிரி ஆகிவிடும். கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தாள். பிறகு நாற்பதையும் கட்டி எடுத்துக்கொண்டு மேலதிகாரியிடம் போனாள்.

"சார், இதுல ஒரு தாளு எனக்குத் தெரிஞ்சவங்களோடது. எதுன்னு சொல்ல மாட்டேன். அதனால நாப்பதையும் நீங்களே பாத்துடுங்க."

"ஒண்ணுக்காக நாப்பதா? என்னம்மா, என்னைப் பாத்தா பாவமா இல்லையா?"

"ஒண்ணைக் குடுத்தா ஒண்ணுன்னு தெரிஞ்சிடுமே சார்."

அவர் பெருமூச்சு விட்டு வாங்கிக்கொண்டார். பழிக்குப் பழியாக, கோழி கிண்டிய கையெழுத்தில் அறுபது தாள்களை அவள் தலையில் கட்டினார். மூன்று நாள் அக்கா கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அதோடு தலைவலி தீரவில்லை. ஒரு வார்டில் ஒரே ஒருவர் மட்டும் செய்யும் தொழிலைத் தனி வரியாகப் போடக் கூடாது என்று சட்டம் இருந்தும், அவசரத்தில் புத்தகத்துக்கான அட்டவணையை அப்படியே அடுக்கியிருந்தார்கள். அதில் கடிகாரம் ரிப்பேர், ஒருவர், சீப்பு என்று பளிச்சென்று நின்றது. அண்ணன் கண்ணில் பட வேண்டியதுதான் பாக்கி. அதை மட்டும் எடுத்துச் சொன்னால் அது புருஷனுக்குச் செய்யும் உபகாரம். அதனால் எல்லா வார்டிலும் தனி மரமாக நின்றவர்களைத் தேடிப் பட்டியல் போட்டாள். பாம்பு பிடிப்பவர் ஒருவர், பொய்ப்பல் செய்பவர் ஒருவர், மந்திரவாதி ஒருவர் என்று பதினான்கு பேர் தேறினார்கள். பதினான்கு பேரையும் பெரிய வகைகளில் கலக்கச் சொல்லி, காரணத்தையும் எழுதிக் கொடுத்தாள். மந்திரவாதியை எதில் சேர்ப்பது என்று அரை நாள் சண்டை நடந்து, கடைசியில் 'பிற சேவைகள்' என்று ஆனது. மேலதிகாரி கையெழுத்துப் போட்டார்.

புத்தகம் வந்த அன்று சாயங்காலமே அண்ணன் அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். கடிகாரக்காரர் அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தார். அண்ணன் எதிரில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக விரலை ஓட்ட ஓட்ட, இவர் பிசைந்த சோற்றையே பிசைந்துகொண்டிருந்தார்.

"ரிப்பேர் வேலை, ஒம்பது பேராம். குடைக்கு மூணு, சீப்புக்கு ஆறு. ரேடியோக்காரன், சைக்கிள்காரன், எல்லாப் பயலும் இதுக்குள்ளதான் இருக்கான். எவன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?" அண்ணன் புத்தகத்தைத் தொப்பென்று போட்டார். "மாப்ள, அந்த மூணுல நீங்க ஒண்ணு, அது எனக்குத் தெரியும். மத்த ரெண்டு பேரு யாருன்னு தெரிஞ்சா கால்ல விழுந்து கும்பிடுவேன்!"

மாப்பிள்ளைக்குப் புரையேறியது. அக்கா தண்ணீரை நகர்த்தி வைத்தாள்.

அண்ணன் கிளம்பிப் போன பிறகும் அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "ஏம்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். இந்த ஓட்டு விஷயமா..."

யாருக்குப் போட்டிருந்தாலும் இந்த வீட்டில் சோறு விழும் என்ற பதில் அவள் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் சோறு என்றது அவர் வாய் வார்த்தை, அந்தத் தாளில் இருந்த வார்த்தை. அதைச் சொன்னால் தாளைப் படித்தேன் என்று சொன்ன மாதிரி. அக்கா அதை முழுங்கினாள்.

"அது உங்களோடது. எனக்கு எதுக்கு?" என்றாள். "தட்டைக் காட்டுங்க."

"போதும்மா, வயிறு நிறைஞ்சிடுச்சு."

அவள் இன்னும் இரண்டு கரண்டி போட்டாள்.